மாடி வீட்டுக்காரியின் மிச்சப் பேச்சு

என் வீட்டு மாடியில் குடியிருந்தவள் செத்துப்போய், காரியமெல்லாம் முடிந்து, அவளுடைய பெட்டியையும் பாயையும் ஊர்க்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். எப்போது பேசினாலும் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறவள் அன்று கேட்கவில்லை.

"என் தங்கச்சி இன்னும் பேசுதாக்கா," என்றாள். "டெய்லி சாயங்காலம் பிள்ளைகிட்ட பேசுதா."

துக்கத்தில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், ஷெல்ஃபில் சார்ஜில் கிடந்தபடியே ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த என் போனின் பழைய விரிசலைப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. புரிந்தால் பயம் போக வேண்டும். எனக்குக் கூடியது. கொஞ்ச நாளாகவே தினமும் சாயங்காலம் அந்தப் போன் ஒன்றிரண்டு முறை லேசாக உதறிவிட்டு அடங்கும். கம்பெனி மெசேஜாக இருக்கும், எவன் பார்ப்பான் என்று விட்டுவிடுவேன். அவள் பேசியது அங்கேயிருந்துதான். நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு கை தூரத்திலிருந்து.

இதைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஆப் எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மாடியில் நாலு பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் நான் வேலை பார்க்கிற கம்பெனிதான், செல்போன் சார்ஜர் செய்கிற லைன். நான் செக்கிங்கில் இருக்கிறேன். உள்ளூர்க்காரி, அதோடு வீட்டுக்காரி. அதனால் வேலையிலும் வீட்டிலும் அவர்களைத் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு என்று நானே வைத்துக்கொண்டேன். செத்தவளுக்குக் கோவில்பட்டிப் பக்கம். மற்ற மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இவளுக்கு ஆகி, புருஷன் சரியில்லாமல் போய், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு ஒரகடத்துக்கு வந்திருந்தாள். சரியான வாயாடி. துணி காயப்போடப் போனால்கூட அந்தத் துணியோடு பேசுவாள். எனக்கும் வாய் நீளம் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவள் புருஷனை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரி பிணவறை வாசலில். ஆனால் அவன் யோக்கியதை எனக்கு முன்பே தெரியும். அவள் போனில் இருந்த சிம் அவன் பெயரில் வாங்கியது. அவள் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்ததும், சிம் தொலைந்துவிட்டது என்று கடையில் சொல்லி அதே நம்பருக்கு வேறு சிம் எடுத்துவிட்டான். இவள் போன் செத்தது. அதோடு விட்டானா பாவி? எல்லோரும் வைத்திருக்கிற அந்தப் பச்சை ஆப்பில் அவள் பெயரில், அவள் போட்டோவோடு, அவளாகவே இருந்துகொண்டு அவள் அக்காவுக்கு மெசேஜ் போட்டான், பிள்ளையை அவங்க அப்பாகூட அனுப்பி வை என்று. அக்காக்காரி பிள்ளையின் துணிமணியைக்கூடப் பையில் எடுத்து வைத்துவிட்டாள். ஏதோ மனதில் உறுத்தி என் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டதால் பிள்ளை தப்பியது.

"அப்ப நம்பர் யாருகிட்ட இருக்கோ அவுகதான் நானாக்கா?" என்று அன்று மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் கேட்டாள். அவனை வாயில் வந்தபடி திட்டினேன், அது அவளுக்குப் பதிலாகாது என்று தெரிந்தே திட்டினேன்.

அதற்கப்புறம் புது நம்பர் வாங்கினாள். ஆனால் நம்பரை வைத்து வேலை செய்கிற எதையும் நம்பமாட்டேன் என்று நின்றாள். மாடியிலேயே இருந்த டிப்ளமோ படித்த பெண்தான் இந்த ஆப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். மற்ற ஆப்பில் நாம் பேசுவது முதலில் எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்துதான் அடுத்தவருக்கு வரும், அதற்குப் பெயர் சர்வர், நம்பரைக் காட்டினால் அது யாரை வேண்டுமானாலும் உள்ளே விட்டுவிடும் என்று விளக்கினாள். இதில் நடுவில் அந்த ஆளே கிடையாது. போனிலிருந்து நேராகப் போனுக்கு. நம்பர் கேட்காது, ஓ.டி.பி. கேட்காது. ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் நேரில் உட்கார்ந்து, ஒரு போனில் வருகிற கருப்பு வெள்ளைக் கட்டத்தை இன்னொரு போனின் கேமராவுக்குக் காட்ட வேண்டும். பெண் பார்க்கிற மாதிரி ஒன்றையொன்று பார்த்தால்தான் அதுகள் ஒத்துக்கொள்ளும். எங்கள் ஐந்து பேர் போனையும் என் வீட்டு ஹாலில் வட்டமாக வைத்து இதைச் செய்தோம். எனக்கு எதற்கடி இந்தக் கண்றாவி என்று நான் சத்தம் போட்டது ஞாபகம் இருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்கா வீட்டில் பிள்ளைக்கென்று ஒதுக்கிவைத்திருந்த பழைய போனையும் இவள் அதே மாதிரி சேர்த்துவிட்டு வந்தாள்.

அதில் ஒரு சௌகரியம் உண்டு. வாங்க வேண்டிய போன் அணைந்து கிடந்தால், அதுவரைக்கும் மற்ற போன்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் திறந்து கேட்க முடியாது. பக்கத்து வீட்டுக்கு வந்த பூட்டிய பெட்டியை நாம் வாங்கி வைத்திருப்பது மாதிரிதான். சாவி பிள்ளையின் போனில் மட்டும் இருக்கும்.

அவளுக்குப் பெரும்பாலும் செகண்ட் ஷிஃப்ட். கம்பெனியில் நுழைந்ததும் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். லைனில் எங்களுக்கு வாய் திறக்க நேரம் இருக்காது, ஆனால் லாக்கருக்குள் எங்கள் போன்கள் ஒன்றோடொன்று அரட்டை அடித்துக்கொண்டிருக்கும் என்று டிப்ளமோக்காரி சொல்லிச் சிரிப்பாள். அங்கே இருக்கிற டவரில் வெளியூருக்கு ஒன்றும் போகாது. பிள்ளையின் போனை அக்காக்காரி ஆன் செய்வதோ சாயங்காலம். அந்த நேரத்தில் இவள் லைனில் நிற்பாள், இவள் போன் லாக்கரில் கிடக்கும். அதனால் காலையில் துணி காயப்போடும்போது மொட்டைமாடியில் நின்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பேசிப் பதிந்துவிடுவாள். வீட்டில் இருக்கிறவர்கள் போன்கள் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், ஷிஃப்ட் மாறும்போது லாக்கரில் என் போனுக்கும் வந்துவிடும். சாயங்காலம் பிள்ளையின் போன் விழித்ததும் எங்களில் யார் போன் ஆனில் இருக்கிறதோ அது கொடுத்துவிடும். முக்கால்வாசி நாள் அது என் போன்தான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து நான் சமைத்துக்கொண்டிருப்பேன், அது ஷெல்ஃபில் கிடந்து அம்மாவின் பேச்சைப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

நடுவில் மழைக்காலத்தில் பிள்ளையின் போன் கீழே விழுந்து ரிப்பேர் கடையில் பல நாள் கிடந்தது. இவள் பேசுவதை நிறுத்தவில்லை. போன் வந்ததும் கேட்டுக்கட்டும் என்று தினமும் மாடியில் நின்று பேசினாள். எல்லாம் எங்கள் போன்களில் சேர்ந்தது. ரிப்பேர் முடிந்து போன் வந்த பிறகும் அவர்கள் ஊர் டவருக்கு என் ஒரு போனிலிருந்து நாளைக்கு ஒன்றிரண்டுதான் இறங்கின. பழையது இறங்கி முடிவதற்குள் புதிதாகப் பேசிச் சேர்த்துவிடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பகல் வேளையில் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டைத் தாண்டப் போனவளைக் கன்டெய்னர் லாரி அடித்தது. அன்று எனக்கு லீவு, சத்தம் கேட்டு ஓடினோம். நான் அதை எழுதப் போவதில்லை. அவள் போனும் அவளோடு நசுங்கிப்போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

புருஷன் வந்து கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொண்டு போனான். அதற்கடுத்த வாரம் ஒரு காலையில், பச்சை ஆப்பில் அவளுடைய பழைய நம்பருக்கு நேரே, அவள் மஞ்சள் சுடிதாரில் சிரிக்கிற போட்டோவுக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தது. பார்த்தவர்களெல்லாம் அலறிவிட்டார்கள். அவன்தான் அந்த சிம்மைப் போட்டு நோண்டிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனைக் கவிழ்த்து வைத்தேன். மாடியில் இருந்த மூன்று பேரும் அதற்கப்புறம் அங்கே தங்கவில்லை. ஒருத்தி படப்பைக்குப் போனாள், ஒருத்தி தண்டலத்தில் தெரிந்தவர்களோடு ரூம் எடுத்தாள், டிப்ளமோக்காரி குன்றத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். மாடி காலியாகக் கிடந்தது. கொடியில் அவள் மாட்டிவைத்த கிளிப்புகள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கீழே கேட்கும். அவற்றை எடுத்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அக்காக்காரி அழுதுகொண்டே சொன்னது இதுதான். பிள்ளையிடம் அம்மா சாமிகிட்ட போயிட்டா என்று சொல்லியாகிவிட்டது. படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட வைத்தாகிவிட்டது. ஆனால் சாயங்காலமானால் போனில் அம்மா வந்துவிடுகிறாள். நீ பொய் சொல்லுத பெரியம்மா, அம்மா இன்னைக்குகூட பேசுனாக என்று பிள்ளை சொல்கிறது. கோபத்தில் ஒரு நாள் அடித்துவிட்டு, அப்புறம் இவளே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். சரி, போனைப் பிடுங்கி அந்த ஆப்பை எடுத்துவிடலாமே என்றேன். எடுத்தால் இதுவரைக்கும் வந்தவையும் சேர்ந்து அழிந்துவிடும், திரும்ப வாங்க ஒரு இடமும் இல்லை, தங்கச்சி குரல் என்று உலகத்தில் இருப்பதே அதுதான் என்றாள். அதனால் நீங்கள் உங்கள் பக்கம் நிறுத்திவிடுங்கள், இனி வராமல் இருந்தால் பிள்ளை மெல்ல நம்பிவிடும் என்று கெஞ்சினாள்.

நிறுத்து என்றால் யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது? கம்பெனி ஆப்பாக இருந்தால் ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டு, அவன் செய்யவில்லை என்று திட்டிக்கொண்டாவது இருக்கலாம். டிப்ளமோக்காரிக்குப் போன் செய்தேன். அவள் ஷிஃப்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள். ஒவ்வொருவர் போனிலும் காத்திருப்பவற்றை அமுக்கிப் பிடித்து அழிக்க வேண்டும், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு, "மனசு வருமாக்கா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். அவளிடம் அப்புறமாகப் பேசிக்கொள்ளலாம், முதலில் மற்ற இரண்டு பேர் போனையும் முடித்துவிடுவோம் என்று நினைத்தேன். என்னுடையதைக் கடைசியாகச் செய்யலாம் என்று வைத்துக்கொண்டேன். மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

அன்றைக்கே ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்குப் போனேன். அந்தப் பெண் ரூமில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் அந்த ஆப்பைத் திறந்தே மாசக்கணக்காகிறது என்றாள். திறக்கச் சொல்லி, காத்திருந்தவற்றை நானே பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் அழிக்க வைத்தேன். ஒவ்வொரு தடவை விரலை வைக்கும்போதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடிந்ததும் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன். அங்கிருந்து இரண்டு பஸ் மாறித் தண்டலம். அங்கேயும் அதே மாதிரி திறந்து, அழித்து, அங்கேயும் ஒரு டீ. வீட்டுக்கு வரும்போது ஏதோ கொலையைச் செய்துவிட்டு வருகிறவள் மாதிரிதான் இருந்தது. இரண்டு வேலை முடிந்தது, இனி கம்மியாகத்தான் வரும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஷெல்ஃபில் போன் உதறியது. அடங்கியது. மறுபடி உதறியது. அன்று அது நிற்கவே இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அதன் முன்னால் நின்று பார்த்தேன், தொடுவதற்குக் கை வரவில்லை. மாடியில் யாரோ நடப்பது மாதிரி இருந்தது. யாரும் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். ஏசப்பா என்று வாய் தானாகச் சொன்னது.

கொஞ்ச நேரத்தில் அக்காக்காரியே கூப்பிட்டாள். நான் செய்யச் சொன்னது என்ன, நீங்கள் செய்தது என்ன என்று கேட்டாள். இத்தனை நாள் ஒன்றிரண்டு வந்தது, இன்று ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறதாம். அதிலே ஒன்றில் அவள், பொங்கலுக்கு முன்னாடியே அம்மா வந்துருவேன், நீ பஸ் ஸ்டாப்புக்கு வந்து நில்லு என்று சொல்லியிருக்கிறாள். எப்போதோ பேசி வைத்தது. பிள்ளை அதைக் கேட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தால் மறுபடி ஓடுகிறது.

அந்த வாரம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. லைனில் நல்ல பீஸை ரிஜெக்ட்டில் போட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தினமும் பஸ் ஸ்டாப்பில் உட்காருவதாக அக்காக்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றும். அழிக்க அழிக்க அவள் அதிகமாகப் பேசினாள் என்றால், அவளுக்கே இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம்? படித்தவள் நான், பிளஸ் டூ வரைக்கும் சயன்ஸ் எடுத்தவள், அப்படியெல்லாம் யோசித்தேன்.

வாரக் கடைசியில் குன்றத்தூருக்கே போனேன். டிப்ளமோக்காரி நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"உங்க போன எங்க வச்சிகினு போனீங்க?" என்றாள்.

"இது இன்னாடி கேள்வி? பையிலதான்."

"உங்களுதுல அழிச்சிட்டீங்களா?"

இல்லை என்றேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு, அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படப்பையில் அந்தப் பெண் அழித்துவிட்டு டீ போட்டுக்கொண்டிருந்தபோதே, என் பையில் இருந்த போன் அவள் போனைப் பார்த்து, ஐயோ உன்னிடம் இதெல்லாம் இல்லையே என்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்திருக்கிறது. தண்டலத்திலும் அப்படியே. அதுகளுக்கு அதுதான் வேலை. அதுவும் போகட்டும், அதுவரைக்கும் அந்த இரண்டு போனிலும் ஆப் தூங்கிக்கொண்டிருந்தது. நான் போய் எழுப்பிவிட்டேன். இதில் கொடுக்கிறவர்கள் கூடக்கூட வேகம் கூடும், இத்தனை நாள் என் ஒரு போன் சொட்டுச் சொட்டாகக் கொடுத்ததை அன்று மூன்று போன் சேர்ந்து கொடுத்தன என்றாள். நான் ஊர் ஊராகப் போய் அவளை அழித்துவிட்டு வரவில்லை, விதைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னால்தான் எல்லாம், அந்தப் பாழாய்ப்போன ஆப்பை நீதானே கொண்டுவந்தாய் என்று அவள் சித்தி முன்னாலேயே கத்தினேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நடுவுல ஆளு வேணாம்னுதானக்கா இத போட்டோம். இப்ப நல்லதுன்னாலும் பாவம்னாலும் நாமதான் செய்யணும். கம்பெனிக்காரன் தலையில கட்ட முடியாது."

மறுநாள் ஞாயிறு மத்தியானம் எல்லோரும் என் வீட்டு மாடிக்கு வருவது, போன்களைக் கூடவே கொண்டுவருவது, நெட், ப்ளூடூத் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே சமயத்தில் அழித்துவிடுவது என்று முடிவு செய்தோம். வந்தார்கள். அந்த அறையைத் திறந்ததும் மூன்று பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான்தான் முதலில் போய் ஜன்னலைத் திறந்தேன். தரையில் நாலு போனையும் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். காரியத்துக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. படப்பைக்காரி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். கேட்கவும் முடியாமல், கொடுக்கவும் கூடாமல், அவள் இந்த மொட்டைமாடியில் வெயிலில் நின்று பேசியதை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இல்லாமல் ஆக்கப் போகிறோம்.

அழிப்பதற்கு முன்னால் அக்காக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். என் வீட்டுக்காரரின் போனிலிருந்து சாதாரண கால் போட்டேன். எடுத்தது பிள்ளை. பஸ் ஸ்டாப்பில்தான் இருந்தது, பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. பெரியம்மாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாளாம். நான் யார் என்று சொல்வதற்குள் அதுவே கேட்டது.

"நீங்க மோட்டார் அத்தையா?"

தண்ணீர் டேங்க் நிறைந்து வழிந்தால் நான் கீழேயிருந்து மோட்டாரை அணைக்கச் சொல்லி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். அவள் அதையும் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாள். என் குரலை வைத்தே பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

ஆமாண்டா கண்ணு, நான்தான் என்றேன். அம்மா எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று கேட்டது. நடுவில் யாரும் இல்லை. அழித்துவிட்டு, அது தானாக நம்பட்டும் என்று பெரியவர்கள் நாங்கள் ஒளிந்துகொள்ளப் பார்த்தது எனக்கு அப்போதுதான் அசிங்கமாக இருந்தது. அதனால் சொன்னேன். அம்மா வரமாட்டா, லாரி அடித்துச் செத்துப்போயிட்டா, நான் கூடவே இருந்தேன், என் கையாலதான் போர்த்திவிட்டேன், பெரியம்மா சொன்னது பொய் இல்லை என்றேன். ஒரு சின்னப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

அழும் என்று காத்திருந்தேன்.

"பெறகு எப்படி பேசுதாக?"

முன்னாடியே பேசி வச்சது என்றேன். நீ கேக்கணும்னு மாடியில நின்னு பேசி வச்சா, அது எங்க போன்ல இருக்கு, ஒண்ணொண்ணா உனக்கு வருது, அவ்வளவுதான்.

"இன்னும் இருக்கா?"

டிப்ளமோக்காரியைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். கொஞ்சம் இருக்கு என்றேன்.

பிள்ளை பெரியம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. அப்புறம் அக்காக்காரி போனை வாங்கி, நாங்கள் வீட்டுக்குப் போகிறோம், எழுந்து அதுவாகவே நடக்கிறது என்றாள். எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தாள். நாங்கள் நாலு பேரும் அவரவர் போனை எடுத்துக்கொண்டோம். பெண்கள் போன பிறகு நான் மாடியைப் பெருக்கினேன்.

அன்று சாயங்காலம் ஷெல்ஃபில் இருந்த போன் உதறவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. டவர் இல்லையோ, மறுபடியும் போன் விழுந்து உடைந்துவிட்டதோ என்று நான் அக்காக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். போன் நன்றாகத்தான் இருக்கிறதாம். பிள்ளை அதை அணைத்து, துணிக்குள் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டதாம். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறதாம். ஏட்டி, கேட்க ஆசை இல்லையா, போட்டுத் தரட்டுமா என்று இவளே ஒரு நாள் கேட்டிருக்கிறாள்.

"வேண்டாம் பெரியம்மா," என்றதாம் பிள்ளை. "எல்லாத்தையும் கேட்டுட்டா அம்மா நெசமாவே செத்துருவாகல்லா."